தோளில் வைக்காத மெழுகு

தொட்டி செய்யும் அந்தப் பட்டறையில் எத்தனையோ படிவங்கள் உண்டு. தகடு வந்ததற்கு ஒன்று, வளைத்ததற்கு ஒன்று, தண்ணீர் நிரப்பி ஒழுகல் பார்த்ததற்கு ஒன்று. எல்லாவற்றிலும் அடியில் ஒரு கையெழுத்துக்குத்தான் இடம். அதிர்வுச் சோதனைப் படிவத்தில் மட்டும் இரண்டு கோடு போட்டிருக்கும். மேல்கோட்டில் அளந்தவர், கீழ்க்கோட்டில் கூட நின்று பார்த்தவர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். அது அப்படித்தான் என்பார் ஃபிட்டர். மேல்கோட்டில் கையெழுத்துப் போடுகிறவளும் பக்கத்திலேயே இருப்பாள். மெழுகைக் கட்டைவிரலால் உருட்டிக்கொண்டு, காதில் விழாதவள் மாதிரி இருப்பாள்.

அவள் காதில் விழாமல் போவது என்று அங்கே எதுவும் கிடையாது. பட்டறையில் அவள் பெயரே காது.

இருபத்திரண்டு வயதில் அங்கே சேர்ந்தாள். அக்கா கணவர் அங்கே தலைமை வெல்டர். அத்தான் சொன்னால் முதலாளி மறுக்கமாட்டார். ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. மூன்றாம் மாதம் ஒருநாள், வெளியே ஆட்கள் வெல்டிங் கசடைச் சுத்தியலால் தட்டி உதிர்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்டோர் ஜன்னலில் தலையை நீட்டி, மூன்றாவது டிரம்மில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அது அத்தான் பற்றவைத்த டிரம். அவர் சிரிக்கவில்லை. விளக்கை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். வெளியே வந்தவர், உள்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குப் பற்றவைக்காமல் விட்டிருக்கிறது என்றார். யார் விட்டது என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார். பிறகு முதலாளி அறை வாசலில் போய் நின்றார்.

"என் தப்ப ஜன்னல் வழியா கண்டுபிடிச்சிட்டா. இவளப் போய் நட்டு எண்ண வெச்சிருக்கீங்களே."

அன்றிலிருந்து அவள் காது. அத்தான் மட்டும் பாப்பா என்பார். அவர் அக்காவைக் கட்டிக்கொண்டபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நாற்பத்திரண்டிலும் பாப்பாதான்.

சோதனைப் பிரிவு என்று ஒரு தடுப்பறை ஒதுக்கி அவளை அங்கே உட்கார வைத்தார்கள். கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை. முனையில் ரப்பர் வைத்த ஒரு சுத்தியல், முட்டை உடைக்கத்தான் ஆகும் போலிருக்கும். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சென்சார். அதைத் தேன்மெழுகு வைத்துத் தகட்டில் ஒட்டவேண்டும். சுத்தியலால் தட்டினால் தகடு நடுங்கும். நடுக்கம் ஒயர் வழியாகப் பெட்டிக்குப் போய்த் திரையில் மலைமலையாக எழும். ஒவ்வொரு மலையும் அந்தத் தகடு தானாக நடுங்க விரும்புகிற ஒரு வேகம். அதே வேகத்தில் பக்கத்தில் மோட்டாரோ பம்ப்போ ஓடினால் தகடும் கூடச் சேர்ந்து ஆடும். ஆடி ஆடி ஒருநாள் கிழியும். ஆகவே மலை எங்கே இருக்கிறதென்று முன்னாலேயே பார்த்துச் சொல்லவேண்டும். பம்ப் ஓடுகிற வேகத்தில் மலை இருக்கக்கூடாது. இவ்வளவுதான் வேலை.

இவ்வளவுதான் என்றாலும் பத்தொன்பது வருடத்தில் அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை. சில நாள் திரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எண்ணைச் சொல்லிவிடுவாள். பெட்டி பிறகு அதை ஒப்புக்கொள்ளும். பெண் கேட்டு வந்த இரண்டு மூன்று இடங்கள் ஏதேதோ காரணத்தில் நின்றுபோயின. மாப்பிள்ளையையும் தட்டிப் பார்த்துத்தான் சம்மதிப்பாளாம் என்று ஃபிட்டர் கிளப்பிவிட்டார். அவளும் சிரித்தாள். அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தாள். காலையில் அத்தானும் அவளும் ஒன்றாகக் கிளம்பினார்கள், சாயங்காலம் ஒன்றாகத் திரும்பினார்கள். அக்கா இரண்டு சாப்பாட்டு டப்பாவையும் ஒரே பையில் வைத்துக் கொடுத்தாள்.

அந்தப் பத்தொன்பது வருடமும் பட்டறையில் செய்ததெல்லாம் வட்டத் தொட்டிகள். வட்டத்துக்கு உச்சி ஏது, விலா ஏது. எங்கே தட்டினாலும் அங்கேயே பதில் சொல்லும். ஓர் இடத்தில் அளந்தால் போதும், சுற்றிலும் அதே எண். ஆரம்பத்தில் நான்கைந்து இடத்தில் அளந்து பார்த்தாள். அலுத்துப்போகிற அளவுக்கு ஒரே விடை. பிறகு கைக்கு எட்டுகிற இடத்தில் மெழுகை வைத்தாள்.

இருபதாம் வருடம் பால் கம்பெனி ஒன்று லாரித் தொட்டிகள் கேட்டது. உயரமாக இருந்தால் வளைவில் லாரி சாய்கிறது, ஆகவே அகலம் கூடியதாக, உயரம் குறைந்ததாக வேண்டும். வட்டத்தை மேலிருந்து அமுக்கினது போன்ற நீள்வட்டம். படம் போடும் எஞ்சினியர் அவளைவிட எட்டு வயது இளையவர். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடி என்றே எல்லோரும் சொல்வார்கள். அவர் எல்லோரையும் கூப்பிட்டு, ஒரு ரப்பர்க் குழாய்த் துண்டை விரலால் அமுக்கிக் காட்டினார்.

"வட்டமா இருந்தா அதிர்வு எங்க வேணா உக்காந்துக்கும். அமுக்கிட்டா அதுக்குன்னு சொந்த இடம் வந்துரும். நாம அந்த இடத்துக்குப் போய்த்தான் கேக்கணும்."

அதற்காகப் புதுப் படிவம் அடித்திருந்தார். உச்சி, இடத்தோள், வலத்தோள், இடவிலா, வலவிலா என்று ஐந்து கட்டம். ஆள் படுத்திருக்கிற மாதிரி இருக்கே என்றார் ஃபிட்டர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தகடு தகடுதானே என்று அத்தானிடம் மெல்லச் சொன்னாள். அத்தான் தலையாட்டினார். காது சொன்னால் அவருக்கு வேறு பேச்சில்லை.

முதல் நீள்வட்டத் தொட்டி அளவுக்கு வந்த அன்று காலையிலிருந்து மழை. கொட்டகைக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகி, தொட்டி முதுகு நனைந்திருந்தது. உச்சியில் நடைபலகை இருந்ததால் அங்கே உட்கார்ந்து துடைத்து, மெழுகு வைத்து, மூன்று முறை அளந்தாள். பம்ப் ஓடும் வேகம் நொடிக்கு நாற்பத்தொன்று. அதற்குப் பக்கத்தில் மலை எதுவுமில்லை. காலியாக வைத்து அளந்தாள், கால்வாசி தண்ணீர் விட்டும் அளந்தாள். இல்லை. தோளில் அளக்கவேண்டுமானால் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு சரிவில் குப்புறப் படுக்கவேண்டும். ஈரத்தில் மெழுகு ஒட்டவில்லை. ஒருமுறை வைத்துப் பார்த்தாள். சென்சார் வழுக்கிக் கீழே போய் ஒயரில் தொங்கியது. கீழே லாரிக்காரர் இரண்டாவது தேநீரையும் குடித்து முடித்திருந்தார்.

இறங்கி வந்து மேஜைமுன் உட்கார்ந்தாள். உச்சிக் கட்டத்தில், அங்கே கண்ட இரண்டு மலைக்கும், இருபத்தொன்பது புள்ளி நான்கு, ஐம்பத்திரண்டு புள்ளி எட்டு என்று எழுதினாள். மற்ற நான்கு கட்டமும் வெறுமையாக இருந்தன. இடத்தோளில் இருபத்தொன்பது புள்ளி ஆறு, ஐம்பத்திரண்டு புள்ளி ஏழு என்று எழுதினாள். வலத்தோளில் இருபத்தொன்பது புள்ளி மூன்று. ஐந்தும் ஒன்றுபோல இருந்தால் அளக்கவில்லை என்று தெரிந்துவிடும். அதனால் கடைசி எண்ணை மட்டும் முன்னேயும் பின்னேயும் நகர்த்தினாள். கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாவது தொட்டிக்கு மழை இல்லை. அப்போதும் உச்சியில் மட்டும் அளந்தாள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் யோசிக்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து முதல் தொட்டி திரும்பி வந்தது. வருவதற்கு முன்பே புளித்த பால் வாடை வந்தது. நடைபலகையைத் தாங்கும் கால் ஒன்றின் அடியில், இடத்தோளில், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அதன் வழியாகத் தளும்பிய பால் பக்கவாட்டில் வழிந்து காய்ந்து வெள்ளைக் கோடாக இருந்தது. டிரைவர் வண்டியைவிட்டு இறங்கியதும் யாரையும் கேட்காமல் சொல்ல ஆரம்பித்தார். பம்ப் போட்டுப் பால் இறக்கும்போது முதலில் ஒன்றும் தெரியாதாம். கடைசிக் கால்வாசிக்கு வந்ததும் தொட்டி உறும ஆரம்பிக்குமாம்.

"நாய் தொண்டைக்குள்ள உறுமுமே, கடிக்கறதுக்கு முன்னாடி, அப்படி. ஆறு மாசமா சொல்றேன். எவன் கேக்கறான்?"

அவள் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றாள்.

முதலாளி விரிசலை விரலால் தடவினார். யார் வெல்டு என்று கேட்டார். கேட்கத் தேவையில்லை. பற்றவைத்த ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் வெல்டரின் எண் குத்தப்பட்டிருக்கும். அத்தான் ஏணியில் ஏறி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஒண்ணாம் நம்பர். என் கைதான்."

ஸ்டோர் ஜன்னல் நாளில் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. முதலாளி அவர் தோளில் கையை வைத்துத் தனியே கூட்டிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து அத்தான் கிரைண்டிங் மேஜைக்கு மாறினார். முப்பத்திரண்டு வருடம் பற்றவைத்தவர், மற்றவர்கள் பற்றவைத்ததைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளைக்குத்தான், கண்ணைக் காட்டிவிட்டு வரட்டும் என்றார் முதலாளி. அத்தானே கண்ணைப் பற்றி அவரிடம் சொல்லியிருந்தார். ஒரு வருடமாக ராத்திரி விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிகிறதாம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

எஞ்சினியர் கண்ணாடி, விரிசல் மேல் சிவப்புச் சாயம் தடவி வெகுநேரம் பார்த்தார். பிறகு தடுப்பறைக்கு வந்தார். வெல்டுக்குள் ஆரம்பித்த மாதிரி தெரியவில்லை, பக்கத்துத் தகட்டில்தான் ஆரம்பித்திருக்கிறது என்றார். அவளுடைய படிவத்தை எடுத்துப் புரட்டினார். தோள்கட்டத்தில் விரலை வைத்தார்.

"உங்க ரிப்போர்ட் மட்டும் இல்லன்னா நான் வடிவத்தையேதான் சந்தேகப்பட்டிருப்பேன். தோள்ல ஒண்ணுமே இல்லன்னு நீங்க போட்டிருக்கீங்க. அப்ப வெல்டுதான்."

அவள் ஆமாம் என்றாள். அந்த ஆமாம் தன் காதுக்கே ஓட்டை டிரம் மாதிரி கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

ஐந்தாவது நீள்வட்டத் தொட்டி அப்போது கொட்டகையில் நின்றது. ஒழுகல் பார்க்க நிரப்பிய தண்ணீரில் கால்வாசி இன்னும் உள்ளே இருந்தது. மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறினாள். நல்ல வெயில். தகடு சுட்டது. இடத்தோளில் குப்புறப் படுத்து, ஒரு முழம் சரிவில் மெழுகை வைத்தாள். உடனே ஒட்டியது. சுத்தியலால் ஒருமுறை தட்டினாள்.

திரையைப் பார்க்கவேண்டியதில்லை. வயிற்றுக்குக் கீழே தகடு உறுமியது. பார்த்தாள். நாற்பத்தொன்றில் ஒரு மலை, மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக.

சென்சாரை உச்சிக்கு மாற்றி அங்கேயே தட்டினாள். நாற்பத்தொன்றில் மலை இல்லை. மறுபடி தோளில். இருந்தது. வலத்தோளில் ஒட்டினாள். அங்கேயும் இருந்தது, ஆனால் தலைகீழாக. இது மேலே போகும்போது அது கீழே. அப்போதுதான் புரிந்தது. இரண்டு தோளும் தராசுத் தட்டு மாதிரி மாறிமாறி ஏறி இறங்குகின்றன. உச்சிதான் நடுமுள். அது அசைவதே இல்லை. அவள் நான்கு தொட்டியிலும் முள்ளின் மேல் உட்கார்ந்துகொண்டு தட்டு ஆடவில்லை என்று எழுதியிருக்கிறாள்.

தெரியாமல் உச்சியில் மட்டும் வைத்திருந்தால் அது தவறு. தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். தோள்கட்டத்தில் எண் எழுதியது தவறு இல்லை. அதற்கு வேறு பெயர்.

கட்டைவிரல் நகத்தால் மெழுகைச் சுரண்டி எடுத்தாள். தோளில் ஒரு பிசுக்கும் இல்லாதபடி முந்தானையால் துடைத்தாள். இறங்கிப் போய்ச் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு டப்பாதான் இருந்தது. அத்தான் தன்னுடையதை எடுத்துக்கொண்டு கிரைண்டிங் மேஜை ஆட்களோடு போய் உட்கார்ந்திருந்தார்.

பத்தொன்பது நாள் அவள் அத்தானிடம் சொல்லவில்லை.

தினமும் சொல்லத்தான் நினைத்தாள். பட்டறைக்குப் போகும் வழியில் ஒரு பாலம் வரும். பாலம் ஏறியதும் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். பாலம் இறங்கிவிடும். அத்தான் முன்னைப்போல வழியில் பேசுவதில்லை. இரண்டு கையையும் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு நடந்தார். கண் டாக்டர் இடக்கண்ணில் லேசாகப் புரை தட்டியிருப்பதாகச் சொல்லிவிட்டார். அக்கா தினம் சாயங்காலம் அவரை நாற்காலியில் சாயவைத்துச் சொட்டுமருந்து விட்டாள். அவள் எதிரே உட்கார்ந்து காய் நறுக்கினாள்.

"இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் நெருப்புல வேல செஞ்சிருக்கார் பாரு," என்றாள் அக்கா. "ஆருக்காவது எதாவது ஆகியிருந்தா? பாலோட போச்சு. நல்லவேளை."

"சும்மா இரு," என்றார் அத்தான், கண்ணை மூடியபடியே.

"நீயாவது கேட்டிருக்கக்கூடாதாடி? கூடவேதான இருந்த. ஊர்த் தொட்டியெல்லாம் தட்டிப் பாக்கற, வீட்டுல இருக்கற மனுஷன் நடுங்கறது கேக்கலியா உனக்கு?"

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்க் கழுவிய கையையே மறுபடி கழுவினாள். ஒரு நினைப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. புரை இருக்கிறது. புரை உண்மை. ஒருவேளை வெல்டிலும் ஏதாவது இருந்திருக்கலாம். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் உடம்பு லேசானது. லேசான அடுத்த நிமிடம் தன்மேல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

பதினெட்டாம் நாள் முதலாளியிடம் போனாள். கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே சொன்னாள். உச்சியில் மட்டும் அளந்ததை, தோளில் நாற்பத்தொன்று இருப்பதை. எண்களைத் தானாக எழுதியதைச் சொல்ல வரும்போது பாதியில் நிறுத்திவிட்டாள். முதலாளிக்கே புரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. அவள் எதிர்பார்த்து வந்தது கோபத்தை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது என்றாள்.

"இங்க பாரும்மா. தையல் பிரிஞ்சா தச்சுக் குடுக்கலாம். துணியே தப்புன்னா கடைய மூடணும். உன் கையெழுத்து போட்ட காகிதம் பால் கம்பெனி பீரோவுல இருக்கு. இனிமே வர்றதுக்கு உள்ள ஒரு விலா எலும்பு மாதிரி பட்டை வெச்சுக்கலாம். வெளிய இருக்கற மூணையும் சர்வீஸ்னு சொல்லி ஒவ்வொண்ணா கூப்பிட்டுக்கறேன், அவசரம் இல்லாம."

அத்தான் என்றாள்.

"அவருக்கு எப்படியும் வயசாச்சு. கண்ணும் சரியில்ல. மரியாதையா கிரைண்டிங்ல இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்தாள். படியிறங்கும்போது மூச்சு நன்றாக இழுக்க வந்தது. பதினெட்டு நாளில் முதல்முறையாக. சொல்லியாகிவிட்டது. சொல்லவேண்டிய இடத்தில் சொல்லியாகிவிட்டது. அன்று தேநீர்கூட ருசித்தது. இந்தக் கதையில் அவள் பிற்பாடு நினைத்து நினைத்துக் கூசியது படிவத்தில் எழுதியதற்குக்கூட இல்லை, அந்தத் தேநீருக்குத்தான்.

மறுநாள் சாயங்காலம் அவள் மாடியில் காய்ந்த துணியை எடுத்து வைத்துவிட்டுக் கீழே வந்தபோது அத்தான் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து வெல்டிங் முகமூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சோப்பு நீரில் கழுவி, மறுபடி பொருத்தினார். நெற்றிப்பட்டையில் வியர்வை ஊறிக் கறுத்திருந்த துணியைப் பிரித்துவிட்டுப் புதுத்துணி சுற்றியிருந்தார். அக்கா அடுப்பைப் பார்த்து நின்றாள்.

"பாப்பா, நாளைக்கு இத இரண்டாம் நம்பர்கிட்ட குடுத்துடறியா? அவனோட கண்ணாடி விரிசல் விட்டுப்போச்சு. இது நல்ல கண்ணாடி."

அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முகமூடி நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"நானே குடுக்கலாம்," என்றார். "அவன் ஏதாவது சொல்வான். வேணாங்க, நீங்களே வெச்சுக்குங்கன்னுவான். அதுக்கு நின்னு பதில் சொல்லணும்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அக்கா திரும்பிப் பார்த்து, என்னடி என்றாள்.

"உங்க வெல்டு இல்ல அத்தான்."

அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் தோள்ல அளக்கவே இல்ல. உச்சியில மட்டும்தான் அளந்தேன். மத்தத நானா எழுதிட்டேன். தோள்லதான் அது இருக்கு. சரியா நாப்பத்தொண்ணு. அப்புறமா அளந்து பாத்தேன். பத்தொம்பது நாளாச்சு."

அத்தான் மடித்த செய்தித்தாளை மறுபடி பிரித்தார். பிறகு மடித்தார்.

"நானா எழுதினேன்னா? அதே எண்ணயா?"

"கடைசி எண்ண மட்டும் மாத்தி மாத்தி எழுதினேன்."

"அது எதுக்கு?"

"ஒரே மாதிரி இருந்தா தெரிஞ்சிரும்னு."

அவர் தன் வலக்கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். இந்தப் பத்தொன்பது நாளில் அவர் அப்படிப் பார்ப்பதை அவள் பலமுறை பார்த்திருந்தாள். பாலத்தின்மேல், மேஜைக்கடியில், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்த நேரமெல்லாம். இப்போது பார்த்தது அதே மாதிரி இல்லை. அது தன்னுடையதுதானா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"மொதலாளிக்குத் தெரியுமா?"

நேற்றுச் சொன்னதையும், அவர் சொன்னதையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. தேநீரைத் தவிர.

அக்கா அடுப்பை அணைத்தாள். வந்து முகமூடியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாத குறையாக வாங்கி மேஜைமேல் வைத்தாள். அக்கா திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். அக்கா மூன்று தட்டை எடுத்து வைத்துப் பரிமாறினாள். அவள் தட்டிலும் எப்போதும் போடுகிற அளவே போட்டாள். திட்டியிருக்கலாம்.

சாப்பிட்டு எழுந்தபின் அத்தான், "மூணு வெளிய ஓடிட்டிருக்கு," என்றார். அவளிடம் சொன்ன மாதிரியும் இல்லை.

காலையில் முகமூடியை அவரே எடுத்துக்கொண்டார். பட்டறையில் நேராக ஐந்தாவது தொட்டியிடம் போய் ஏணியை இழுத்துப் போட்டார். காட்டு என்றார். அவள் ஏறினாள், அவரும் ஏறினார். உச்சியில் மெழுகு வைத்துத் தட்டிக் காட்டினாள். தோளில் வைத்துத் தட்டினாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. சரிவில் கையை நீட்டி உள்ளங்கையைத் தகட்டில் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை என்றார். தட்டினாள். இன்னொரு தடவை. கீழே ஒருவர் இருவராக ஆட்கள் வந்து நின்றார்கள். ஃபிட்டர் என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். இரண்டாம் நம்பர் வந்தான். எஞ்சினியர் வந்தார்.

அத்தான் இறங்கினார். கிரைண்டிங் மேஜைப் பக்கம் போய், முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் சொல்வதற்காக இடத்தை விட்டுவிட்டுப் போனார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவள் தடுப்பறைக்குப் போய் நான்கு படிவத்தையும் எடுத்துவந்தாள். எஞ்சினியர் முன்னால், அத்தனை பேர் பார்க்க, ஏணிப்படியில் வைத்து ஒவ்வொன்றிலும் நான்கு கட்டத்தைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் எழுதினாள்: அளக்கவில்லை, நானாக எழுதியது. கையெழுத்துப் போட்டாள். நான்காவது படிவத்தில் பேனா நின்றுபோனது. ஃபிட்டர் தன் பேனாவைக் கொடுத்தார். எஞ்சினியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவரும் அன்றைக்கு அவளைப் பார்த்துப் பேசவில்லை. படிவத்தைப் பார்த்து, முதலில் அந்த மூன்றையும் நிறுத்தச் சொல்லவேண்டும் என்றார். போனை எடுத்துக்கொண்டு முதலாளி வருவதற்குள் வெளியே போய்விட்டார்.

பிறகு முதலாளி கத்தினார். பால் கம்பெனி இரண்டு ஆட்களை அனுப்பியது. மூன்று தொட்டிகளும் ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. இரண்டில் நடைபலகைக் காலடியில் மயிரிழை விரிசல் ஏற்கனவே விழுந்திருந்தது. மூன்றாவதில் அதுவும் இல்லை. உள்ளே பட்டை வைத்து வடிவத்தைக் கெட்டிப்படுத்தினார்கள். தோளின் எண் நாற்பத்தொன்றைவிட்டு வெகுதூரம் மேலே போனது. அதை அளந்தது அவள்தான். ஆறு மாதம் அவள் கையெழுத்து மட்டும் செல்லாது, கூட நின்று பார்த்தவரும் கீழே இன்னொரு கோட்டில் போடவேண்டும் என்று முதலாளி சொன்னார். ஆறு மாதம் முடிந்தது. இரண்டாவது கோடு படிவத்தில் அப்படியே தங்கிவிட்டது.

அவளை ஏன் வெளியே அனுப்பவில்லை என்று கேட்டால் ஃபிட்டர், அந்த மாதிரி காது வேறெங்கே கிடைக்கும் என்பார். அவளுக்கு அது நன்றாகவே கேட்கும்.

இப்போது ஐந்து கட்டத்துக்கும் ஐந்து முறை படுத்தெழுந்து அளக்கிறாள். வட்டத் தொட்டிக்கும் அப்படித்தான். ஒரே எண் வந்தால் ஒரே எண்ணையே ஐந்து முறை எழுதுகிறாள். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

அக்கா மூன்று மாதத்துக்குப் பிறகு பேசினாள். சாப்பாட்டு டப்பாக்கள் மறுபடி ஒரே பையில் வந்தன. அத்தான் கண்ணில் புரையை எடுத்தார்கள். மறுபடி நெருப்பெடுக்கப் போனார். ஒன்றாம் நம்பர் அவருடையதாகவே இருந்தது. கையும் பழைய கைதான். மீன் செதில் அடுக்கின மாதிரி விழும் அவருடைய வெல்டு, ஒரு செதில் பெரிது ஒரு செதில் சிறிது என்று இருக்காது. முன்பெல்லாம் ஒரு ஜாயின்ட் முடித்தால் முகமூடியைத் தூக்கிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார், திரும்பிப் பார்க்கமாட்டார்.

இப்போது முடித்ததும் நகர்வதில்லை. முகமூடியைத் தூக்கிவிட்டுத் தடுப்பறைப் பக்கம் திரும்புவார்.

"காது, கொஞ்சம் வந்து பாரு."

பாப்பா என்று அவர் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகிறது. அவள் செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் போவாள். இன்னும் சூடு ஆறாத ஜாயின்ட்டுக்கு முகத்தைக் கொண்டுபோய், விளக்கைப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்ப்பாள்.

"நல்லாருக்கு அத்தான்."

அவர் அவள் முகத்தை ஒரு நொடி பார்ப்பார். பிறகு விளக்கை வாங்கிக்கொண்டு, தானும் ஒருமுறை குனிந்து பார்ப்பார்.